புகையும் மிகையுணவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உடல் நலத்தைப் பற்றி ஏதேனும் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் மருத்துவம் கற்றதில்லை. இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் தொழில் நம்முடையது. ஆகவே, நோய்க்கு மருந்து சொல்ல நாம் இங்கு நிற்கவில்லை. கற்றறிந்த மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்ட கணக்குகளைப் படித்து, ஒரே தாளில் இருபுறமும் எழுதி, கூட்டிக் காட்டுவதே நம்மால் இயன்ற பணி.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: புகைபிடித்தல், மிகுதியாக உண்ணுதல் ஆகிய இரண்டினுள் உடலுக்குப் பெருந்தீங்கு செய்வது எது?

இவ்வினா ஏட்டிலிருந்து எடுத்ததன்று; நம் காலனியின் வராந்தாக்களில் அடிக்கடி எழுவது. ஆண்டுதோறும் நம் மலரில், மறைந்த உறுப்பினர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அறுபதாம் ஆண்டு நிறைவைக் காணாமலே சென்றவர்களின் படங்களும் அப்பக்கத்தில் உண்டு. அதைப் பார்த்து ஒருவர் சொல்வார்: "பாவம், இவர் ஒரு பீடியையேனும் தொட்டவரல்லர், இருதய நோயிலல்லவா போனார்! பின் புகையைக் குறை கூறுவானேன்?" மற்றொருவர் சொல்வார்: "அவர் மெலிந்த உடம்புக்காரர், சிகரெட்டல்லவா அவரைக் கொண்டு போயிற்று! பின் சோற்றைக் குறை கூறுவானேன்?" இவ்வாறு ஒருவரது மறைவு மற்றொருவரது பழக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. புகைப்பவர் உண்பவரைக் காட்டித் தப்புகிறார். உண்பவர் புகைப்பவரைக் காட்டித் தப்புகிறார். ஆனால் இருவருமே தப்பவில்லை என்பதை அந்த ஒரு பக்கமே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே இக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நம் குடும்பங்களுக்கு நன்மை தரும்.

முதலில் புகையின் கணக்கு.

பிரிட்டனில் 1951ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால் என்னும் அறிஞரும் பிராட்போர்டு ஹில் என்னும் அறிஞரும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தது வேறு யாரையுமன்று, மருத்துவர்களையே! 34,439 ஆண் மருத்துவர்களின் புகைப் பழக்கத்தைக் கேட்டெழுதினார்கள்; அவர்களுடைய வாழ்வும் சாவும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வாழ்நாள் முழுதும் சிகரெட் புகைத்தவர்கள், ஒருபோதும் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். விட்டவருக்குத் திரும்பக் கிடைக்கும் இந்த வரவு மிகவும் ஆறுதலானது. எந்த வயதிலும் அது முற்றாக இல்லாமற் போவதில்லை.

"அது வெள்ளைக்காரர் கணக்கு, நம் நாட்டுப் பீடிக்கு அது பொருந்தாது" என்பர் சிலர். 2008ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கணக்கும் வெளிவந்தது. பிரபாத் ஜா என்பவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து கண்டது யாதெனில், சிகரெட் புகைக்கும் ஆண் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும், பீடி புகைக்கும் ஆண் ஆறு ஆண்டுகளையும், பீடி புகைக்கும் பெண் எட்டு ஆண்டுகளையும் இழக்கின்றனர் என்பது. பீடியில் புகையிலை குறைவுதான். ஆயினும் அது கொள்ளும் ஆண்டுகள் குறைவல்ல.

"நாளொன்றுக்கு ஒன்றே ஒன்று" என்பதும் ஆறுதலாகாது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு முடிவின்படி, நாளுக்கு ஒரு சிகரெட் புகைப்பவருக்கு நேரும் இருதய நோய் அபாயம், இருபது சிகரெட் புகைப்பவருக்கு நேரும் மிகை அபாயத்தில் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் தீங்கும் இருபதில் ஒரு பங்காகும் என்று நாம் கணக்கிடுகிறோம். உடல் அவ்வாறு கணக்கிடுவதில்லை.

புகை செய்வது என்ன? அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன; அவற்றுள் எழுபதளவு புற்றுநோயைத் தோற்றுவிப்பவை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் உயிர்க்காற்று அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. இரத்தம் எளிதில் உறைகிறது. நுரையீரல், வாய், தொண்டை, சிறுநீர்ப்பை எனப் பல உறுப்புகளில் புற்றுநோய் தோன்றக் காரணமாகிறது. இவை போக, புகை பிடிப்பவரோடு அது நிற்பதில்லை. அவர் அருகில் உறங்கும் குழந்தைக்கு இழுப்பு நோயையும் காதுநோயையும், அவருடைய மனைவிக்கு இருதய நோயையும் அது கொண்டு சேர்க்கிறது. இரண்டே அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸில் புகைக்கென்று தனி வழி கிடையாது.

இனி, மிகையுணவின் கணக்கு.

2009ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மக்களைப் பற்றிய ஐம்பத்தேழு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஒரு பெருங்கணக்கு வெளியாயிற்று. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அதை உடல் நிறை எண் என்பர். அந்த எண் 30க்கும் 35க்கும் இடையே உள்ளவர்கள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை இழக்கிறார்கள். 40க்கும் 45க்கும் இடையே உள்ளவர்களோ எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை இழக்கிறார்கள். இதை நமக்குப் புரியும்படி சொன்னால், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 82 கிலோ இருந்தால் அவருடைய எண் 30. 109 கிலோ இருந்தால் 40.

இக்கணக்கில் அடங்கியோர் பெரும்பாலும் மேல்நாட்டவர். நம்மவர் உடலமைப்பு வேறு. குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்து, நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்துவிடுகின்றன. ஆகவே இந்தியருக்கு 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்றும், இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றும் மருத்துவர்கள் வகுத்துள்ளனர். கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னே வருபவரை "நல்ல உடம்பு" என்று நாம் பாராட்டுகிறோம். மருத்துவர் அதைக் கண்டு கவலை கொள்கிறார்.

மிகையுணவு செய்வது யாது? செலவாகாத உணவு கொழுப்பாகி, குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் தங்குகிறது. அதன்பின் கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் எளிதில் கீழ்ப்படிவதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. கூடுகின்ற ஒவ்வொரு கிலோ எடைக்கும், நடக்கும்போது முழங்காலின் மேல் ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் ஏறுகிறது. மாடிப்படியில் நின்று நின்று ஏறும் நம் தாய்மார்கள் இதை அறிவார்கள்.

அன்பர்களே! இப்பொழுது இரு பக்கங்களையும் கூட்டிப் பார்ப்போம். ஒரு தனி மனிதரை எடுத்துக்கொண்டால், சாதாரணமாகப் புகைப்பவர் இழப்பது பத்து ஆண்டுகள். சாதாரணமாகப் பருத்தவர் இழப்பது இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். அளவு கடந்து பருத்தவரே புகைப்பவருக்கு இணையாகிறார். ஆகவே, தனி மனிதரைப் பொறுத்தமட்டில் புகையே பெரிய பகை. இதில் ஐயமில்லை. "நான் புகைத்தாலும் ஒல்லியாகத்தான் இருக்கிறேன்" என்பவர், தமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்வதாக எண்ணிக்கொண்டு, எதிர்க் கட்சிக்கே சாட்சி சொல்கிறார். இன்னொன்றும் உண்டு: புகைப்பவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பும், புகைக்காதவரைவிட நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு மிகுதி. மெலிந்திருப்பதால் சர்க்கரை அவரை விட்டுவிடாது.

ஆயினும் வழக்கு இத்துடன் முடியவில்லை. தனி மனிதரை விடுத்து, நாம் வாழும் இந்த நாட்டை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு விதமாகிறது. கேரளத்தில் புகையிலையை எவ்விதத்திலேனும் உபயோகிப்போர், 2009-10ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் நூற்றுக்கு 21.4; 2016-17ஆம் ஆண்டுக் கணக்கில் 12.7. இறங்கிவிட்டது. மிகை எடையுள்ள பெண்களோ, 2015-16ஆம் ஆண்டில் நூற்றுக்கு 32.4, 2019-21ஆம் ஆண்டில் 38.1. ஏறிவிட்டது. ஆண்களும் 28.5இலிருந்து 36.4க்கு ஏறினார்கள். "நம் ஊர் சென்றால் சரியாகும்" என்று எண்ண வேண்டாம்; அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பெண்களின் எண் 40.4, ஆண்களின் எண் 37.0. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான நீரிழிவுக் கணக்கு, நாடு முழுதுக்கும் நூற்றுக்கு 11.4 என்று கூறுகையில், கேரளத்துக்கு 25.5 என்று கூறுகிறது. வயது வந்தோர் நால்வரில் ஒருவர்!

ஒன்று இறங்கியதேன்? மற்றொன்று ஏறியதேன்? நாம் உங்கள் முன் வைக்க விரும்பும் முக்கியச் செய்தி இங்கேதான் இருக்கிறது.

1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. பிறர் மூச்சைக் கெடுப்பது அவர்தம் உயிர் வாழும் உரிமையைக் கெடுப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பளித்த நீதிபதிகள் இருவருள் ஒருவரான ஏ.ஆர். இலட்சுமணன் அவர்கள் செட்டிநாட்டுத் தேவகோட்டையில் பிறந்த தமிழர் என்பது நமக்குப் பெருமை. 2001இல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுதுக்கும் அவ்வாறே ஆணையிட்டது. 2003இல் சட்டம் வந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதல் பொது இடத் தடை விதிகள் மேலும் கடுமையாயின. தம்பானூர் நிலைய மேடையில் ஒரு காலத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் பற்றவைப்பது இயல்பாக இருந்தது. இன்று பற்றவைப்பவர் நாற்புறமும் பார்க்கிறார். அந்தக் கூச்சமே பெரிய மருந்து.

உணவுக்கும் கேரள அரசு ஒரு முறை முயன்றது. 2016ஆம் ஆண்டு ஜூலையில், நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அவர்கள் பெயர் பெற்ற கம்பெனி உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா முதலியவற்றின் மீது நூற்றுக்கு 14.5 விகிதம் வரி விதித்தார்கள். 'கொழுப்பு வரி' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயரிட்டன. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபோது அவ்வரி மறைந்தது. அது நிலைத்திருந்தாலும் நமக்கு என்ன பயன்? தட்டுக்கடைப் புரோட்டாவும், மாலைத் தேநீரோடு வரும் பழம்பொரியும், நேந்திரங்காய் உப்பேரியும், விருந்திலே போளியின் மேல் ஊற்றிய பாயசமும் அவ்வரிக்குள் வரவில்லை. வரவும் முடியாது. சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடும், அடுக்களைக்குள் நுழையாது.

வேற்றுமை இதுவே. புகையை எவரும் நம் வாயில் ஊட்டுவதில்லை. உணவை அன்பு ஊட்டுகிறது. "இன்னும் ஒரு கரண்டி" என்று சொல்லாத வீட்டை நாம் குறை கூறுவோம். இலையில் மீதி வைப்பவரை நாம் விடுவதில்லை. புகையைக் கண்டு ஊர் முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டது. மிகையுணவைக் கண்டு ஊர் கை தட்டுகிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கோ, ஊர்ச் சுவையே ஊரின் நினைவாகவும் இருக்கிறது. ஆகவே அதைக் குறைக்கச் சொன்னால் மனம் ஒப்புவதில்லை.

ஆனால் அளவு என்பது நம் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு குறள்கள் உணவைப் பற்றியவை. முன் உண்டது செரித்ததா, பசித்ததா, அளவா என்று கேட்பவை. புகையிலை பற்றி அதில் ஒன்றுமில்லை. அச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் பிற்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் சட்டம் ஒன்றாகாது. உணவின்றி வாழ இயலாது. ஆகவே அதற்கு அளவு வேண்டும். புகையின்றி வாழ இயலும். ஆகவே அதற்கு அளவே இல்லை, விடுதல்தான் உண்டு. புகையைக் குறைப்போம் என்பதும் தவறு; உணவை அறவே விடுவோம் என்று நாட்கணக்கில் பட்டினி கிடப்பதும் தவறு.

"சிகரெட்டை விட்டால் உடம்பு பெருத்துவிடுமே" என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் முற்றிலும் பொய்யன்று. பசியை மட்டுப்படுத்தும் நிகோட்டின் நின்றுவிடுவதால், முதல் ஆண்டில் சராசரியாக நான்கு ஐந்து கிலோ கூடுவதுண்டு. ஆனால் மேலே கண்ட கணக்கை நினைவில் வையுங்கள். ஐந்து கிலோ கூடுவதால் வரும் இழப்பு, புகையை விடுவதால் வரும் இலாபத்துக்கு முன் மிகச் சிறிது. விடுவோருக்கு மனைவி மக்கள் தட்டு நிறையப் பலகாரம் வைத்து உபசரிக்காமல், ஒரு நடை கூட வந்தால் அந்த ஐந்து கிலோவையும் குறைத்துவிடலாம்.

இத்திருவனந்தபுரம் மாவட்டம் நமக்கு இரு வழிகளைக் காட்டியிருக்கிறது. 1981இல் தோன்றிய வட்டாரப் புற்றுநோய் மையத்தார், 13 பஞ்சாயத்துகளைத் தேர்ந்து, அவற்றுள் ஏழில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, வாயைத் திறந்து பார்க்கும் எளிய சோதனையை நடத்தினார்கள். 2005ஆம் ஆண்டில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம், சோதனை நடந்த இடங்களில் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. வெற்றிலையோடு புகையிலை போடும் நம் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மற்றொன்று நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் நடந்தது. நீரிழிவு வரக்கூடிய 1,007 பேரைத் தேர்ந்து, சிலரை அண்டை அயலாரோடு சிறு குழுக்களாகக் கூட்டி, தம்முள் ஒருவர் தலைமையில் உணவு பற்றியும் நடை பற்றியும் பேசி நடக்கச் செய்தார்கள். 2018ஆம் ஆண்டு வெளியான முடிவில், நீரிழிவு வருவது உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வேற்றுமை தெரியவில்லை. ஆயினும் குழுவில் இருந்தோர் காய்கனி உண்பது கூடியது, மதுப்பழக்கம் குறைந்தது. தனியாகச் செய்ய இயலாததை அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்யலாம் என்பதற்கு இது சான்று. அண்டை வீட்டார் கூடும் இடம் சங்கமன்றி வேறெது?

ஆகவே மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது: ஆண்டு விழா விருந்தில் இனிப்பு ஒன்று போதும். கேட்டால் மட்டும் மறுமுறை பரிமாறுவோம், வற்புறுத்துவதை விடுவோம். சங்கத்தின் பெருமை இலையின் நீளத்தில் இல்லை. முதற் பந்தியில் தாய்மார்கள் அமரட்டும். நம் வீடுகளில் அவர்கள் கடைசியில் உண்கிறார்கள்; வீணாகலாகாது என்று மிஞ்சியதையும் சேர்த்து உண்கிறார்கள். அவர்கள் எடையில் ஒரு பங்கு நம் எல்லோருடைய மிச்சமே.

இரண்டாவது: சங்க நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், மேடைக்குப் பின்புறத்திலும் சரி, சமையற் கொட்டகையிலும் சரி, புகை வேண்டாம். விட விரும்புவோரை ஏளனம் செய்யாமல் துணை நிற்போம். 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண்ணில் விடுவதற்கு வழி சொல்லித் தருகிறார்கள்.

மூன்றாவது: மாதக் கூட்டத்தில் ஒரு எடைக் கருவியும், ஒரு தையற்காரர் நாடாவும், ஒரு நோட்டும் வைப்போம். விரும்புவோர் தம் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் தாமே எழுதிக்கொள்ளட்டும். பிறர் பார்த்து நகைக்க வேண்டாம். தாம் பார்த்து அறிந்தால் போதும்.

இவற்றால் விருந்தின் சுவை குறையும் என்று சிலர் வருந்தலாம். இவ்வாண்டும் மலரில் அந்த ஒரு பக்கம் இருக்கும். அதை நம்மால் தடுக்க இயலாது. அப்பக்கத்தில் எண்பதும் தொண்ணூறும் கண்டவர்களின் படங்கள் மிகுதியாகவும், ஐம்பதில் சென்றவர்களின் படங்கள் குறைவாகவும் இருக்கும்படி செய்வது ஓரளவு நம் கையிலும், நம் வாயிலும் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தந்தையும் தாயும் இன்னும் சில ஆண்டுகள் கிடைப்பார்களாயின், ஒரு கரண்டிப் பாயசமும் ஒரு பெட்டி சிகரெட்டும் அதற்குப் பெரிய விலையல்ல.